ஓரத்தில் எழுதிய மூன்று வரி

என் வீட்டுக்காரரின் அக்காவை ஊரில் எல்லோரும் ஏட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாதா கோயிலை ஒட்டிய பங்கு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக ஏடு பார்ப்பதால் வந்த பெயர். எனக்கு அண்ணி. எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு. அப்போது என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். ஒருத்தராவது கூட இருக்க வேண்டும் என்று தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டது அப்படியே நின்றுவிட்டது.

அலுவலகம் என்றால் ஒரு நீளமான அறை. இருக்கிற ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர். இரும்பு பீரோவின் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சாவி போட்டால்தான் திறக்கும். புதிதாக வரும் பங்குச் சாமியார்கள் முதல் வாரம் முழுவதும் அதோடு மல்லுக்கட்டுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு சாமியார் மாறிப் போவார். பீரோவும் அண்ணியும் மாறவில்லை.

உள்ளே மூன்று வகை ஏடுகள். ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு, அடக்க ஏடு. நூற்றைம்பது வருடத்துக் கையெழுத்து. பழைய தாள்களைப் புரட்டும்போது மூலை உதிரும். சான்றிதழ் வேண்டும், தேதி வேண்டும், திருத்தம் வேண்டும் என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும்.

“மூணாவது ஏட்டுல மட்டும்தான் யாரும் திருத்தம் கேட்டு வர்றதில்ல” என்பார் அண்ணி.

ஒரு முறை ஒரு லாரி டிரைவர் வந்து, “ஏட்டக்கா, ரெண்டு வயசு குறைச்சு எழுதிக் குடுங்க. வேலைக்குப் போடணும்” என்று கெஞ்சினார்.

“உங்கம்மா ரெண்டு வருஷம் பொறுத்துப் பெத்திருக்கணும். இப்ப என்கிட்ட வந்து என்ன பண்ண?” என்றார் அண்ணி, தலையை நிமிர்த்தாமலே.

கல்யாணப் பேச்சு எடுப்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். இரண்டு குடும்பத்துக்கும் எங்கேயாவது ரத்த உறவு உண்டா, முறை சரியாக வருகிறதா என்று கேட்பார்கள். அண்ணி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே போவார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் மேல் ஒரு சாய்வுக் கோடு. அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஏறுவார், பிறகு மறுபக்கமாக இறங்குவார். வருடத்துக்கு ஒரு கல்யாணமாவது அந்தத் தாளில் நின்றுபோகும்.

“ரெண்டு பேருக்கும் பூட்டன் ஒண்ணு, தம்பி. அவ உனக்குத் தங்கச்சி முறை. வேற இடம் பாரு.”

“என் வாழ்க்கையையே கெடுத்துட்டீங்களே, ஏட்டக்கா.”

“நான் எங்க கெடுத்தேன்? உன் பூட்டன்ல கெடுத்திருக்காரு.”

இப்படிப் பேசுவாரே தவிர, வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை வராது. செருப்பைக் கழற்றுவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்வார். முப்பத்தோரு வருடம் குனிந்த கழுத்து இரவு தலையணையில் படியாது. போன வருடத்திலிருந்து இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியும் மங்கல் போகவில்லை. இன்னொன்றுக்கு மருத்துவமனையில் தேதி தந்து, மாற்றி, மறுபடியும் தந்தார்கள். அதனால்தான் நான் மதியம் சமையலை முடித்துவிட்டு அலுவலகம் போய் ஏடு படித்துச் சொல்ல ஆரம்பித்தேன். நான் ஏழாவதோடு நின்றவள். அச்சு எழுத்து ஓடும். கையெழுத்து என்றால் விரல் வைத்துத்தான் படிப்பேன். அண்ணி அவசரப்படுத்த மாட்டார். ஆட்கள் வந்தால் நான் பீரோவின் பக்கம் நகர்ந்து நின்றுகொள்வேன். அங்கிருந்து எல்லாம் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரி வந்தாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, காது கேட்காத அம்மாவோடு இருக்கிறவள். நாற்பத்து மூன்று வயது. எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அவள் தைத்ததுதான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவர், மனைவியை இழந்தவர். தரகர் யாரும் இல்லை. சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர், மூன்றாவது சட்டை கொடுக்கும்போது நேராகவே கேட்டுவிட்டாராம்.

“ஏட்டக்கா, தடையில்லாச் சான்று வேணும். ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிக்கணும்” என்றாள். சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது.

“மூணு சட்டையோட முடிச்சுட்டாரா? நான் ஆறு ஆகும்னு நெனச்சேன்” என்றார் அண்ணி.

எங்கள் கோயில்களில் ஒரு முறை உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்’ என்று ஓலை வாசிப்பார்கள். அதற்கு முன் பெண்ணின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு எங்கே கல்யாணம் நடந்தாலும், நடத்தி வைத்த பங்கிலிருந்து அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிப்பு அனுப்புவார்கள். அவருடைய பதிவின் ஓரத்தில் அதைக் குறித்துவைப்பார்கள். ஓரம் காலியாக இருந்தால் கல்யாணம் ஆகாதவர். அவ்வளவுதான் கணக்கு.

நான் அவள் பிறந்த வருடத்து ஏட்டை எடுத்து, ஆகஸ்ட் மாதத்தில் அவள் பெயரைக் கண்டுபிடித்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப்பெற்றோர் எல்லாம் சரி.

“ஓரத்துல ஏதோ எழுதியிருக்கு, அண்ணி.”

“படி.”

படித்தேன். மூன்று வரி. பதினேழு வருடத்துக்கு முந்திய தேதி. துறைமுக ஊர்ப் பங்கில் திருமணம். ஒரு ஆணின் பெயர்.

தையல்காரி முதலில் சிரித்தாள். “எனக்கா? எனக்குச் சொல்லவே இல்லையே!”

அண்ணி சிரிக்கவில்லை. “என்ன மையில எழுதியிருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“பச்சை.”

அண்ணி ஏட்டைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே பச்சை மையில் எழுதுகிறவர் அவர் ஒருவர்தான்; எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அது அண்ணியின் கையெழுத்து.

சத்தம் கேட்டுச் சாமியார் வந்தார். சின்ன வயது. கெட்டவர் இல்லை. ஆனால் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது; எதிலும் தவறு நடந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு.

“ஏட்டுல இருக்கேம்மா” என்றார்.

“சாமி, கல்யாணம் பண்ணின எனக்கே தெரியாதது ஏட்டுக்கு எப்படித் தெரியும்?”

“நான் உங்களைத் தப்பா சொல்லல. ஆனா இது இருக்கிற வரைக்கும் என்னால ஓலை வாசிக்க முடியாது. எழுதினது யாரு?”

“நான்தான் சாமி” என்றார் அண்ணி.

“அப்ப இது யாரோட கல்யாணம்னு நீங்கதான் காட்டணும். சனிக்கிழமைக்குள்ள காட்டுங்க. நான் ஆயர் இல்லத்துக்கு எழுதித் திருத்திக்கிறேன்.”

தையல்காரி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். “அவங்க வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது? ஏற்கெனவே ஒருத்தனைக் கட்டிக்கிட்டு மறைச்சேன்னு ஆகாதா?” என்றாள். பிறகு அண்ணியைப் பார்த்து, “அக்கா, இந்த ஒண்ணு மட்டும்தான் எனக்கு வந்திருக்கு” என்றாள்.

“உங்கப்பாகூடப் பிறந்த அண்ணன் தம்பி யாராவது உண்டா?” என்று கேட்டார் அண்ணி.

“யாரும் இல்ல. அப்பா ஒத்த ஆளு. அம்மா எப்பவும் அப்படித்தான் சொல்லும்.”

புதன்கிழமை பீரோவின் அடித்தட்டிலிருந்து பதினேழு வருடத்துக்கு முந்திய அறிவிப்புக் கட்டை எடுத்தோம். நூல் கட்டிய இடத்தில் தாள் துருப்பிடித்ததுபோல் பழுத்திருந்தது. துறைமுக ஊரிலிருந்து வந்த அறிவிப்பு கிடைத்தது. மணப்பெண் பெயர், அதே பெயர். அப்பா பெயர், அதே பெயர். பிறந்த வருடம், அதே வருடம். அம்மா பெயர் எழுத வேண்டிய இடம் காலி. ஞானஸ்நான எண்ணும் காலி.

“இந்த ரெண்டு இடமும் காலியா இருந்தா நான் திருப்பி எழுதிக் கேட்டிருக்கணும்” என்றார் அண்ணி. “கேட்கல. அந்த வருஷத்து ஏட்டைத் திறந்தேன், பேரு இருந்தது, எழுதிட்டேன்.”

வந்த தேதியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் மாமியார் கடைசியாக மருத்துவமனையில் இருந்த வாரம் அது. அண்ணி இரவு முழுக்க வார்டில் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் நேராக அலுவலகம் வந்துவிடுவார். நான் அப்போது இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம், கைக்குழந்தைக்காரி. அண்ணி அந்த வாரத்தைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம். சாமியாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை வரை கோடு போட்டோம். தையல்காரியின் அப்பா கல்யாணத்திலிருந்து அவருடைய அப்பாவின் பெயரை எடுத்து, அந்தத் தாத்தாவின் கல்யாணத்துக்குப் போனோம். அங்கிருந்து இருபது வருட ஞானஸ்நானப் பதிவுகளை ஒவ்வொன்றாக நான் படிக்க, அந்தத் தம்பதியின் பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள். மூத்தது ஒரு பெண். அதற்குப் பிறகு ஒரு ஆண். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஒரு ஆண். கடைசியில் ஒரு பெண். ஓரத்தில் குறிக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் இங்கே வரவில்லை; நான்கு பேர் ஓரமும் காலி.

“இங்க பாருங்க அண்ணி. ரெண்டு பையனுக்கும் ஒரே பேரு.”

“மூத்தவன் செத்திருப்பான். செத்த பிள்ளை பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது உண்டு. நூறு தடவை பார்த்திருக்கேன். அவன் பதிவுல வேற ஏதாவது இருக்கா?”

“வீட்டில் ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதுன்னு இருக்கு.”

“அப்ப செத்துட்டான். அடக்க ஏட்டை எடு.”

பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்கு வீட்டிலேயே அவசரமாகத் தண்ணீர் ஊற்றிவிடுவதுதான் ஆபத்து ஞானஸ்நானம். அந்த இரண்டு வருடத்து அடக்கங்கள் எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலும் குழந்தைகள். மூன்று நாள், ஒன்பது நாள், பெயரிடப்படாதது, இரண்டு மாதம். ஒரு பக்கத்தில் பதினோரு வரிக்கு எட்டு வரி குழந்தைகள். தொண்டை வறண்டுபோய் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். அந்தப் பையன் இல்லை.

“நாலு வருஷம் தள்ளிப் பாரு.”

பார்த்தேன். இல்லை. பத்து வருடம் பார்த்தேன். இல்லை.

அண்ணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு, “தையல்காரியோட அப்பா அடக்கத்தை எடு. பன்னெண்டு வருஷம் முந்தி. வயசு என்ன போட்டிருக்கு?” என்றார்.

“அறுபத்தெட்டு.”

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். “ரெண்டாவது பையன்னா அறுபத்தாறுதான் வரும். இவரு மூத்தவரு. சாகும்னு எழுதி வச்ச ஆளு அறுபத்தெட்டு வருஷம் இருந்திருக்காரு.”

“அப்ப சின்னவரு?”

“மூத்தது போயிடும், தாத்தா பேரு விட்டுப் போயிடக் கூடாதுன்னு முன்கூட்டியே சின்னவனுக்கும் அதே பேரை வச்சிருக்காங்க. மூத்தது சாகவும் இல்ல, பேரைத் திருப்பித் தரவும் இல்ல. வீட்டுல பெரியவன், சின்னவன்னு கூப்பிட்டிருப்பாங்க. ஏட்டுல பெரியவன் ஏது, சின்னவன் ஏது?”

அதற்குப் பிறகு வழி தெரிந்துவிட்டது. திருமண ஏட்டில், அதே பெயரில், அதே தகப்பனுக்கு மகனாக, வேறொரு பெண்ணைக் கட்டிய இன்னொருவர் இருந்தார். அவருடைய பிள்ளைகளைத் தேடினோம். அறிவிப்பில் போட்டிருந்த வருடத்தில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை அண்ணி அடுத்த வருடத்து ஏட்டைத் திறக்கச் சொன்னார். இரண்டாவது பக்கத்திலேயே இருந்தாள். டிசம்பர் கடைசியில் பிறந்து ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றவள். பாட்டி பெயரை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மகளுக்கு வைத்திருக்கிறார்கள். அவள் பதிவின் ஓரம் வெள்ளையாக இருந்தது.

துறைமுக ஊர்ப் பங்குக்குப் போன் போட்டோம். அங்கே ஒரு அலுவலகக்காரர் ஏட்டைத் தேடி எடுத்து, அம்மா பெயரைப் படித்தார். சின்னவருடைய மனைவியின் பெயர்.

சாமியார் எங்கள் காலண்டர் தாளை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, ஒவ்வொரு பதிவாகக் கேட்டார். ஒன்றரை மணி நேரம். கடைசியில், “சரி, ஞாயித்துக்கிழமை வாசிக்கிறேன்” என்றார். அண்ணி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நான் ஏடுகளை அடுக்கினேன். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அறிவிப்புக் கட்டைத் திரும்ப வைக்கும்போதுதான், அதற்கு மேல் இருந்த கடிதக் கட்டையும் பார்க்கலாம் என்று அண்ணி எடுத்தார். “தையல்காரியைப் பத்தி யாராவது எழுதிக் கேட்டிருக்காங்களான்னு பாரு. பதினேழு வருஷம் இது இப்படி இருந்திருக்கு.”

ஒரு கடிதம் இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முந்தியது. பக்கத்து ஊர்ப் பங்கிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காகத் தையல்காரியைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். அதோடு, இங்கிருந்து போன பதிலின் நகல். ‘மேற்படிப் பெண்ணுக்கு ஏற்கெனவே திருமணம் நடந்திருப்பதாக ஏட்டில் குறிப்பு உள்ளது.’ அப்போது இருந்த சாமியார் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுதியது அண்ணி.

படித்து முடித்த பிறகும் நான் தாளைக் கீழே வைக்கவில்லை.

“மாப்பிள்ளை பேரு என்ன போட்டிருக்கு?”

சொன்னேன்.

“அவரு அடுத்த வருஷமே நம்ம பங்குலதான் கட்டினாரு. வேற பொண்ணு. திருமண ஏட்டுல நான்தான் எழுதினேன்” என்றார் அண்ணி.

வீட்டுக்கு நடக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

“அண்ணி, இதைச் சொல்லணுமா? சாமிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு. நல்ல நேரத்துல போய் எதுக்கு?”

“எனக்குத் தெரியுமே.”

“தெரிஞ்சா என்ன? இப்ப எல்லாம் சரியாப் போச்சே.”

“சரியாப் போனது இந்தக் கல்யாணம். அந்தக் கல்யாணம்?” என்றார். நாலு எட்டு நடந்து, நின்று, மூச்சு வாங்கினார். “எனக்கு அலுப்பா இருக்கும்மா. ஊர்க்காரங்க விஷயம் எல்லாத்தையும் வச்சிருக்கேன். இதையும் வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது.”

சனிக்கிழமை மதியம் போனோம். ஒரே அறை, பின்னால் ஒரு சமையல் இடம். ஜன்னலோரம் மெஷின். கொடியில் கை இல்லாத சட்டைகள் தொங்கின. தரையெல்லாம் நூல்துண்டு. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, பழைய துணியின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தையல்காரி எங்களைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்தாள். விஷயம் முடிந்தது என்று சாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். “எனக்கு ஒரு சித்தப்பாவாம், சித்தப்பா மகளாம், என் பேரிலயே! ஒரு சுவர் சண்டையில பேச்சு விட்டு, அவங்க துறைமுக ஊருக்கே போயிட்டாங்களாம். இன்னைக்குத்தான் அம்மா வாயைத் திறக்குது. வளர்ந்த பிறகு ஒரு தங்கச்சி கிடைக்கிறது யாருக்கு அமையும்?”

அண்ணி ஸ்டூலில் உட்காரவில்லை. கடிதத்தையும் நகலையும் மெஷின் மேல் வைத்தார். நின்றபடியே சொன்னார். பதினான்கு வருடத்துக்கு முன் பக்கத்து ஊரிலிருந்து வந்தார்களே, பேசி முடித்த பிறகு வராமல் போனார்களே, அவர்களுக்கு அலுவலகத்திலிருந்து என்ன பதில் போனது என்று சொன்னார். “எழுதினது நான். ஓரத்துல தப்பா எழுதினதும் நான். ஏட்டைப் பார்த்தேன், ஆளை நெனச்சுப் பார்க்கல.”

தையல்காரி தாளை எடுத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“அப்ப என் பல்லு இல்லையா?” என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

“தரகர் வந்து, பொண்ணு முகம் பையனுக்குப் பிடிக்கலையாம்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு முன்பல்லு தூக்கலா இருக்கும். பல்லுதான் காரணம்னு அம்மா சொல்லுச்சு. அடுத்த மாசமே டாக்டர்கிட்டப் போய் நாலு பல்லை எடுத்துட்டேன். இது கட்டுப்பல்லு.”

பல்வரிசை அழகான பெண் என்று நான் அவளைப் பல தடவை நினைத்ததுண்டு.

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தையல்காரி கை காட்டி நிறுத்தினாள். கோபமாக இல்லை, ஊசியில் நூல் கோக்கும்போது யாராவது பேசினால் காட்டுவோமே, அப்படி.

“அந்த ஆளு மேல எனக்கு ஆசையெல்லாம் இல்லக்கா. ஒரு தடவைதான் பார்த்தேன். நீங்க எனக்குச் சொன்னது போதும். அம்மாகிட்டச் சொல்லுங்க. பதினாலு வருஷமா ‘வாயை மூடிக்கிட்டுச் சிரிடி’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. கட்டுப்பல்லு வச்ச பிறகும் விடல.”

அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். தன் வாழ்நாளில் குரல் உயர்த்திப் பேசாதவர்.

“அம்மா, அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னு சொன்னது பல்லால இல்ல.”

“ஆங்?”

“பல்லால இல்ல!”

“பல்லா? எனக்கு ரெண்டுதான் இருக்கு.”

“உங்க பல்லு இல்ல! உங்க பொண்ணு பல்லு! ஏட்டுல தப்பா எழுதினதால வேண்டாம்னுட்டாங்க!”

“யாரு எழுதினது?”

“நான்!”

“யாரு?”

“நான்! என் தப்பு!”

“என்ன தப்பு?”

“என் தப்பு!” என்று அண்ணி கத்தினார். குரல் உடைந்து, தெருவைத் தாண்டிப் போனது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வாசலில் யாரோ நடையை நிறுத்தினார்கள். எனக்கு அந்த அறையில் ஒளிய ஒரு பீரோ இல்லையே என்று இருந்தது.

அந்த அம்மா காதைத் தேய்த்துக்கொண்டார். “ஏன் இப்படிக் கத்துறே? தெருவுக்கெல்லாம் கேக்குது” என்றார். பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டார். “பல்லு இல்லையா?”

“இல்லம்மா.”

“அப்ப அவங்களை இப்ப வரச் சொல்லு.”

தையல்காரிதான் போய் அம்மாவின் காதருகில் உட்கார்ந்தாள். “அவருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைங்க இருக்கும்மா. எனக்கு இப்ப வேற ஆளு. சட்டைக்காரரு.”

“அவரு பல்லைப் பத்தி ஏதும் கேட்டாரா?”

“கேட்கல.”

“கேட்டா மூடிக்கிட்டுச் சிரி” என்றார் அம்மா, பழக்கத்தில்.

தையல்காரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. துணி முனையால் துடைத்துக்கொண்டாள். கடிதத்தையும் நகலையும் மடித்து மெஷின் இழுப்பறையில் வைத்தாள். எங்களிடம் திருப்பித் தரவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

நாங்கள் செருப்பைப் போடும்போது வாசல் வரை வந்தாள்.

“ஏட்டக்கா, பரவாயில்லன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பார்க்காதீங்க. வாய்க்கு வரல.”

“எதிர்பார்க்கலம்மா.”

“ஆனா நாளைக்கு ஓலை வாசிக்கும்போது நீங்க முன்னாடி வந்து உக்காரணும். எதிர்வீட்டுல பாதி கேட்டிருப்பாங்க, மீதியை அவங்களே சேர்த்துக்குவாங்க. யாராவது எழுந்து, இவளுக்குத்தான் முன்னாடியே ஆயிடுச்சேன்னு கேட்டா, நீங்கதான் எழுந்து பதில் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“வரேன்” என்றார் அண்ணி.

ஞாயிறு காலை அண்ணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர் குடித்தும் காற்றுதான் வந்தது. எப்போதும் கடைசித் தூணருகில் உட்காருகிறவர், அன்று எல்லோரும் பார்க்க நடந்துபோய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் வேறு வழியில்லாமல் கூடவே போனேன். எங்களுக்கு அடுத்த பின் பெஞ்சில் தையல்காரியும் பைண்டிங்காரரும் இருந்தார்கள். அவருடைய சட்டைக் காலர் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

சாமியார் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அண்ணி முன் பலகையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். எழுந்த ஆள் அப்படியே, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்தத் தூரத்தில் ஒரு முகமும் தெரிந்திருக்காது. ஆனால் ஏட்டக்கா பார்க்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முணுமுணுப்பு நின்றது. யாரும் எழவில்லை.

சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போனார். தண்ணீர்த் தொட்டி கழுவுவதால் திங்கட்கிழமை குழாயில் தண்ணீர் வராது.

அண்ணி மெதுவாக உட்கார்ந்து பெஞ்சில் முதுகைச் சாய்த்தார். பின்னாலிருந்து தையல்காரி குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு, அக்கா.”

அண்ணி திரும்பாமலே தலையை ஆட்டினார்.